கைவேலை: நல்லரத்தினம்

குருக்கள்மடம்,
ஆனி மாதம், ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள மகள் தனுஷியாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. என் முழங்காலையும் உன் தம்பியையும் தவிர்த்துவிட்டால் இந்த வீட்டில் மற்றதெல்லாம் அம்மன் புண்ணியத்தில் சுகம். நீயும் மருமகனும் பேத்தியும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். அங்கே இப்போது நல்ல வெயில் என்று போனில் சொன்னாய், வெயில் என்றால் என்னவென்று இங்கே வந்து இரண்டு மணிக்கு முற்றத்தில் நின்று பார். போனில் பேசுவதை விட்டுவிட்டு இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறாரே என்று நீ சிரிப்பாய். போனில் நான் இரண்டு வசனம் சொல்லி முடிப்பதற்குள் உனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, மூன்றாவது வசனத்தில் வேலைக்கு நேரமாகிவிடுகிறது. கடிதம் என்றால் நடுவில் புகுந்து பேச முடியாது, முழுவதையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். பக்கத்து வீட்டுச் சதீசன் லீவு முடிந்து ரொறன்ரோவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதையும் ஒரு பையையும் கொடுத்துவிடுகிறேன். பையைப் பற்றிப் பிறகு வருகிறேன், அந்தப் பைக்காகத்தான் இந்தக் கடிதமே.

அம்மாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. குரக்கன் பிட்டுத் தின்றதால் என்று அவ சொல்கிறா, ஒளித்துத் தின்ற இனிப்புத் தொதலை நான் கண்டுபிடித்ததால் என்று நான் சொல்கிறேன். கோயில் சடங்கு நல்லபடி முடிந்தது, கடைசி நாள் குளுத்தியன்று நாலு துளி மழையும் விழுந்தது, உன் பெயரிலும் அம்மனுக்கு ஒரு மடைப்பெட்டி படைத்து வைத்தோம். வாவியில் இறால் பட்டுக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் நல்லதெல்லாம் கொழும்புக்குப் போய்விடுகிறது, எங்களுக்கு வருவது தலையும் காலும். பேத்தி என்னோடு இங்கிலீசில் பேசியதை நான் மறக்கவில்லை. தாத்தா என்று சொல்லக்கூட வராத பிள்ளைக்கு அங்கே நாட்டியம் பழக்குகிறீர்களாம், நல்லது.

இனி உன் தம்பியின் கதைக்கு வருகிறேன். இந்தக் கூத்துக்கு விதை போட்டது நீதான், அதனால் விளைச்சலையும் நீ பார்க்கவேண்டும். ஜெயரூபன் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்து, கறுப்பு அங்கி போட்டுப் படம் எடுத்து, அந்தப் படம் சுவரில் தொங்குகிறது. அரசாங்க நியமனம் வரும்வரை பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாம். நானும் ஒரு காலத்தில் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் பிரதம லிகிதராக இருந்தவன், அங்கே இன்னும் நாலு பேருக்கு என்னைத் தெரியும், சொல்லியும் வைத்திருந்தேன். நீ எங்கேயோ பேஸ்புக்கில் ஒரு பையைக் கண்டுவிட்டு, காத்தான்குடியில் ஷாகிரா என்று ஒரு ஆள் கைத்தறித் துணியில் பை தைத்து வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்புகிறா, தம்பி அங்கே இன்டர்ன்ஷிப் செய்யட்டும் என்றாய். அந்தச் சொல்லில்தான் மகள் நான் ஏமாந்தேன். ஸ்கொலர்ஷிப், லீடர்ஷிப் என்று ஷிப்பில் முடிகிறதெல்லாம் பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டு, போய்வா மகனே என்று நானே பஸ் ஏற்றிவிட்டேன்.

முதல் நாள் டை கட்டிக்கொண்டு போனான். பின்னேரம் டை பொக்கற்றுக்குள் வந்தது. கம்பனி என்றாயே, அது ஒரு வீட்டு விறாந்தை. அதில் பாயை விரித்து ஷாகிராவும் இன்னும் சில பெண்களும் இருந்து தைக்கிறார்கள், உன் தம்பி நடுவில். இன்றைக்கு என்ன செய்தாய் என்று கேட்டேன். பிரிச்ச அப்பா, என்றான். அடுத்த நாளும் கேட்டேன், அன்றைக்கும் பிரித்தானாம். மற்றவர்கள் பிழையாகத் தைத்த பைகளை ஒரு குட்டிக் கத்தியால் நூல் நூலாகப் பிரிப்பதுதான் உத்தியோகம். ஒரு மாதத்துக்கு ஊசியைத் தொட விடவில்லை. பிழை எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பிரித்துப் பார்த்தவனுக்குத்தான் விளங்குமாம், அது அந்த ஷாகிராவின் படிப்பு முறையாம். கச்சேரியில் மற்றவன் பிழையைப் பிரித்துப் பிரித்தே என் தலை நரைத்தது, அதை ஒருவரும் படிப்பு என்று சொல்லவில்லை, ஒரு சான்றிதழும் தரவில்லை.

வேலை விறாந்தையோடு நின்றாலும் பரவாயில்லை. எதைக் கண்டாலும் உள்ளே திருப்பிப் பார்க்கிற நோய் ஒன்றை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான். தலையணை உறையைத் திருப்பினான், அம்மாவின் சட்டையைத் திருப்பினான், தீபாவளிக்கு நான் தைப்பித்த காற்சட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அந்தத் தையல்காரன் உங்கள ஏமாத்திப்போட்டான் அப்பா என்றான். கலியாண வீட்டில் பந்தியில் இருக்கிற நேரம் கதிரை உறையைத் திருப்பினான், நான் காலால் மிதித்து நிறுத்தினேன். வெளியில் பார்க்க நன்றாக இருந்தால் போதாதா, உள்ளே இருப்பதை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். அதற்குச் சிரித்தான். அம்மாவும் சேர்ந்து சிரித்தா.

நான் ஒருநாள் நேரே போய் அந்த ஷாகிராவிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவது என்று புறப்பட்டேன். மரியாதை தெரிந்த மனுசிதான், கதிரை போட்டு, ஐயா இருங்க என்று சொல்லி, தேத்தண்ணியும் தந்தா. அந்தத் தேத்தண்ணி கையில் இருக்கும்போதே உன் தம்பி தைத்து முடித்த பையை வாங்கினா. வெளிப்பக்கத்தை ஒரு கண் கூடப் பார்க்கவில்லை, குடலை வெளியே எடுப்பதுபோல உள்ளே திருப்பினா. இந்த மூலை கோணல் தம்பி, பிரிங்க, மறுகாத் தைங்க, என்றா. என் முன்னால். நான் பொறுக்கமாட்டாமல், கைவேலை என்றால் கொஞ்சம் கோணல் இருக்கும்தானே, வெள்ளைக்காரன் அதைத்தானே விரும்பி வாங்குகிறான் என்றேன். கைவேலை எண்டா கோணலா இரிக்கணும் எண்டு ஆர் ஐயா சொன்ன, மிசினாலதான் நேராத் தைக்கேலும் எண்டா எங்கட கை என்னத்துக்கு, என்றா. நான் நாலு கேள்வியோடு போனவன், தேத்தண்ணியோடு திரும்பி வந்தேன். உன் தம்பி தலையைக் குனிந்து பிரித்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு ரோசம் இருக்கவேண்டுமே, இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கூத்து. அங்கே ஒரு வழக்கம், பையைத் தைத்தவரின் பெயர் ஒரு சின்ன லேபிளில் பையின் வாயோரம் இருக்கவேண்டும். ஒரு நல்ல மூலை தைக்க வந்தபிறகு இவனுக்கும் லேபிள் அடிக்க ஓடர் கொடுத்திருக்கிறார்கள். முழுப்பெயர் கேட்டதற்கு இவன் பாடசாலை வரவு இடாப்பில் எழுதுவதுபோல என் பெயரை முன்னால் போட்டு நல்லரத்தினம் ஜெயரூபன் என்று எழுதிக் கொடுத்தான். லேபிள் அடிக்கிற கொழும்புக்காரனுக்கு எங்கள் பெயர் வைக்கிற முறை என்ன தெரியும், முன்னால் இருப்பதுதான் ஆளின் பெயர், பின்னால் இருப்பது குடும்பப் பெயர் என்று எண்ணி, இடமும் போதாமல் போக, பின்னால் இருந்ததை வெட்டிவிட்டான். ஒரு பெரிய சுருள் வந்து இறங்கியது. ஒவ்வொன்றிலும், கைவேலை: நல்லரத்தினம்.

நீ இப்போது சிரிப்பாய் என்று தெரியும், சிரித்து முடித்துவிட்டு வாசி. இத்தனை வருடம் கச்சேரியில் கையெழுத்து வைத்த பெயர் பெண்பிள்ளைகளின் கைப்பையில் தொங்குகிறது. கோயிலில் ஒருத்தி, அண்ணே உங்கட பை மிச்சம் வடிவு என்கிறாள். கிளினிக்கில் முழங்காலைக் காட்டப் போனால், நம்பர் துண்டில் பெயரை வாசித்த நேர்ஸ் மிஸ், ஐயாவா அந்தப் பை தைக்கிற, எனக்கும் நீலத்தில ஒண்டு வேணும் என்கிறா. என்னோடு வேலை செய்தவர்கள் சந்தியில் மறித்து, என்ன நல்லரத்தினம், பென்சன் போதாமப் போய்த்தா என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். இந்தச் சுருளைத் திருப்பி அனுப்பு என்று உன் தம்பிக்குச் சொன்னேன். பாப்பம் என்றான். அந்தப் பாப்பம் அப்படியே கிடந்தது, என் பெயர் பஸ்ஸில் ஏறி அம்பாறை வரைக்கும் போனது.

இந்த நேரத்தில்தான் பழுகாமத்திலிருந்து சம்பந்தம் வந்தது. இளையதம்பி போடியாரை உனக்குத் தெரியாது, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் நல்ல வட்டை, எட்டிப் பார்த்தால் எல்லை தெரியாத வயல். ஒரே மகள், ஆர்த்திகா, பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள், அவளுக்கென்று வீடும் கட்டி வைத்திருக்கிறார். மகன் என்ன செய்கிறார் என்று அவர் கேட்டபோது, காத்தான்குடியில் ஒரு ஏற்றுமதிக் கம்பனியில் பயிற்சியில் இருக்கிறார் என்றேன். பொய் என்று சொல்லாதே. அந்தப் பைகள் வெளிநாட்டுக்கெல்லாம் போகிறது என்று நீதானே சொன்னாய், அது ஏற்றுமதி இல்லாமல் என்ன. மாப்பிள்ளையைப் பார்க்கப் போடியாரும் அவர் தங்கச்சியும் வந்தார்கள், இந்தக் காலத்துப் பிள்ளை, ஆர்த்திகாவும் கூடவே வந்தாள். நல்ல அமைதியான முகம், எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. அவள் தோளில் பார்த்தால் அந்தப் பை.

போடியார் தேத்தண்ணியை வைத்துவிட்டு மகளின் பையைப் பிடித்து லேபிளை வாசித்தார். இதில உங்கட பேர் கிடக்கு, நீங்களா தைச்ச, என்று கேட்டார். உன் தம்பி சுவரோடு நின்றான், அவன் வாயைத் திறக்கப் போவது எனக்குத் தெரிந்தது. இவன் நான்தான் தைச்ச என்று சொன்னால் அந்த வீடும் வட்டையும் பிள்ளையும் அத்தோடு போய்விடும், போடியார் ஒரு தையல்காரனுக்கா மகளைக் கொடுப்பார் என்று எனக்குள் ஓடியது. ஓம், நான்தான் தைச்ச, பென்சன் எடுத்தபிறகு பொழுது போகணுமே, என்று சொல்லிவிட்டேன். உனக்கு விளங்குகிறதா மகள், யாருக்கு மானம் போனாலும் எனக்குப் போகட்டும் என்று நானே அந்தப் பைக்குள் தலையைக் கொடுத்தேன். போடியார் என்னை ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்த்தார், அதையும் பொறுத்தேன். அந்தப் பெண் பையை உள்ளே திருப்பி, இந்தத் தையல் முடிச்ச எப்பிடி மாமா இவ்வளவு வடிவா மறைச்ச, நானும் ரெண்டு நாளாத் தேடுறன் கிடைக்கல்ல, என்று கேட்டாள். ஊசியாலதான் புள்ள, என்றேன். வேறு என்ன சொல்ல. அவள் என் சட்டையைப் பார்த்தாள். நடுப் பொத்தான் விழுந்து கன நாள், அந்த இடத்தில் ஒரு பின் குத்தியிருந்தேன். பிறகு உன் தம்பியின் ஊசி குத்திய விரல்களைப் பார்த்தாள், பார்த்துவிட்டுப் பையை மூடினாள்.

அவர்கள் போன பிறகு மகன் வந்து எனக்கு நன்றி சொல்லுவான் என்று இருந்தேன். வந்தான். இவ்வளவு நாளும் நான் தைச்ச உங்களுக்கு வெக்கமா இரிந்த, நல்லாயிருக்கெண்டு ஒரு ஆள் சொன்ன ஒடன அது உங்கட வேலையாப் போய்த்து, என்னப்பா, என்றான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், கதை முடிந்திருக்கும். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. நான் சாப்பிட்டு எழும்பிய பிறகு வந்து சாப்பிடுகிறான், நான் விறாந்தையில் இருந்தால் பின்வாசல் கடப்பால் போகிறான். இன்டர்ன்ஷிப் முடிய கொழும்புக்குப் போய்விடப் போவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறான், அங்கே ஏதோ கடையில் இடம் இருக்கிறதாம், இனி இந்த வீட்டில் இருக்க விருப்பமில்லையாம். வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இரிந்திரிக்கலாம் நீங்க, என்று அம்மா எனக்கு ஏசினா. நான் சும்மா இருந்தால் இந்த வீடு எப்படி நடந்திருக்கும் என்று கேட்டேன், அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தா, அதை எழுதத் தேவையில்லை.

அடுத்த கிழமை லேபிள் மாறியது. கைவேலை: ஜெயரூபன். என் பெயர் துடைத்துப்போட்டதுபோலப் போய்விட்டது. கோயிலில் ஒருத்தியும் மறிக்கவில்லை, கிளினிக்கில் மிஸ் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. இதைத்தானே நான் கேட்டேன், நிம்மதி என்று சொல்லவேண்டும். ஆனால் மகள், சந்தியில் நின்ற ஒரு பிள்ளையின் பையில் நான் குனிந்து லேபிள் வாசித்ததை அவளுடைய தாய் கண்டு முறைத்தா, இந்த வயதில் எனக்கு அது தேவையா. பழைய சுருளில் மிச்சம் இருந்தால் அதைக் குப்பையில் போட்டு என் பெயர் கால் மிதியில் கிடக்கக்கூடாது, போய் வாங்கி வருவோம் என்று காத்தான்குடிக்குப் புறப்பட்டேன். அதற்காக மட்டும்தான் போனேன். உன் தம்பியைத் துணி எடுக்க மருதமுனைக்கு அனுப்பியிருந்த நாள், அதை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போனேன்.

ஷாகிரா சுருளை ஒரு கடதாசிப் பைக்குள் போட்டுத் தந்தா. தரும்போது, இந்த லேபிள் வந்த அண்டைக்கே பிழையெண்டு நான் திருப்பி அனுப்பப் போன ஐயா, தம்பிதான் வேணாமெண்ட, அப்பாட பேர்தானே, இரிக்கட்டும், என்ட பேர விட அதுதான் நல்லா இரிக்கி எண்ட, என்றா. மற்றப் பெண்கள் ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கண் கலங்கியது, கலங்கவில்லை என்று எழுத இந்தப் பேனை எழும்பவில்லை. நீட்டிய தேத்தண்ணியையும் வாங்காமல் வெளியே வந்தேன். பஸ்ஸில் வரும்போது எல்லாம் கோபம்தான் வந்தது. எப்போதாவது என்னிடம் சொன்னானா. பாப்பம் என்றானே தவிர, உங்க பேர் நல்லா இரிக்கி அப்பா என்று ஒரு வார்த்தை சொல்ல வாயில் என்ன இருந்தது. உள்ளே திருப்பிப் பார்க்காமல் எனக்கு எப்படித் தெரியும்.

வீட்டுக்கு வராமல் அப்படியே இறங்கிப் பாதைப் படகில் ஏறி அக்கரைக்குப் போனேன். அந்தப் படகில் மோட்டார் சைக்கிளும் ஆடும் நானும், முழங்கால் நோவோடு நின்றுகொண்டே வாவியைக் கடந்தேன். அம்பிளாந்துறையில் இறங்கி பஸ் பிடித்துப் பழுகாமம் போய்ப் போடியாரின் முற்றத்தில் நின்று சொன்னேன். அண்டைக்கு நான் சொன்னது பொய், அந்தப் பை என்ட மகன் தைச்ச, எனக்குப் பொத்தான் கூடத் தைக்கத் தெரியா, அவன் செய்யிறது ஏற்றுமதிக் கம்பனியும் இல்ல, விறாந்தையில பாயில இரிந்து பை தைக்கிறான், நல்லாத் தைக்கிறான், என்றேன். நல்லாத் தைக்கிறான் என்று என் வாயால் வந்தது அதுதான் முதல் தடவை, அதையும் அவனிடம் சொல்லாமல் போடியாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறேன். போடியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, எனக்கு அண்டைக்கே தெரியும், சட்டைக்குப் பின் குத்தின மனிசன் பை தைக்கமாட்டான் எண்டு மகள் தோணிய விட்டு இறங்க முந்தியே சொல்லிட்டா, என்றார். சம்பந்தத்தைப் பற்றி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் யோசிக்கணும், மகள் யோசிச்சு முடிச்சிட்டா போலதான் இரிக்கி, என்று மட்டும் சொன்னார். பெருமைக்காரன். ஆனால் சோறு தின்னாமல் என்னை விடவில்லை.

வீட்டுக்கு வந்து நான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சுருளை அலுமாரியில் வைத்துவிட்டுப் படுத்தேன். ஆர்த்திகாதான் உன் தம்பிக்குச் சொல்லியிருக்கவேண்டும், இரண்டு பேரும் எப்போது நம்பர் மாற்றிக்கொண்டார்களோ எனக்குத் தெரியாது, எனக்கு எதுதான் சொல்லப்படுகிறது. இன்றைக்குக் காலையில் கோயிலுக்குப் போகச் சட்டையை எடுத்தால் பின் இல்லை, அந்த இடத்தில் பொத்தான். மற்றப் பொத்தான்களோடு சரியாகப் பொருந்துகிற பொத்தான் எங்கே தேடி எடுத்தானோ. நானும் சட்டையை உள்ளே திருப்பிப் பார்த்தேன், முடிச்சு எங்கே என்று எனக்கும் கிடைக்கவில்லை. மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வந்து பக்கத்தில் இருந்தான். கீரை எடுங்க அப்பா, என்றான். எடுத்தேன். கொழும்புப் பேச்சும் எழும்பவில்லை, ஷாகிரா அவனை அங்கேயே நிற்கச் சொல்லியிருக்கிறா என்று அம்மா சொல்கிறா, புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் பிரிக்கப் பழக்கவாம். பட்டம் படித்து அங்கி போட்டவன் இனிப் பிரிப்பதற்கு வாத்தியார். என்ன செய்ய, போகட்டும்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டை விடாதே, பேத்திக்குத் தலைக்கு எண்ணெய் வை, மருமகனைக் கேட்டதாகச் சொல். மூன்று பேரும் நோய் நொடி அண்டாமல், வாசலில் நிற்கிற அம்மன் காவலில், நிறைந்த ஆயுளோடு இருக்கவேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் வாழ்த்துகிறோம். ஒரு விஷயத்தை மறந்துபோகாதே. உன் தம்பி உனக்கென்று தைத்த பை கைக்கு வந்ததும் வெளிப்பக்கத்தைப் பார்த்து வடிவு என்று படம் எடுத்துப் போடாதே, முதலில் உள்ளே திருப்பிப் பார். அலுமாரியில் நான் வைத்த பழைய சுருளில் இருந்து ஒன்றை வெட்டி எடுத்து, தன்னுடைய புதிய லேபிளுக்கு முன்னால் சேர்த்துத் தைத்திருக்கிறான், இடாப்பில் கூப்பிடுவதுபோலச் சேர்த்து வாசிக்கலாம். அந்த இடத்தில் கத்தரிக்கோல் வைத்தாயோ, நான் விமானம் ஏறி வருவேன்.

இந்தக் கடிதம் மட்டும் உண்மையாகவே,

கைவேலை: நல்லரத்தினம்
(அப்பா)